பெட்டியில் இல்லாத பெயர்

கிறிஸ்துவில் அன்புக்குரிய பங்கு மக்களே,



ரோலாவின் கைபேசிக் கடைகளை அறியாதவர் நம்முள் எவரும் இலர். விடுமுறைக்கு ஊர் புறப்படும் முன் மகனுக்கு ஒன்று, மருமகனுக்கு ஒன்று என்று சேமிப்பிலோ தவணையிலோ வாங்கி, துணிமணிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்துக் கட்டுவது நம் வழக்கம். அடுத்த முறை அவ்வாறு கட்டும்போது, பெட்டியின் பின்புறத்தில் உள்ள சிற்றெழுத்துகளை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஐபோன் பெட்டியாயின், கலிபோர்னியாவில் ஆப்பிள் வடிவமைத்தது என்று ஒரு வரி இருக்கும். இந்தியாவில் பொருத்தப்பட்டது என்ற இன்னொரு வரியும் அண்மைக் காலமாகப் பல பெட்டிகளில் காணப்படுகிறது. வடிவமைத்த நிறுவனத்தின் பெயர் உண்டு. பொருத்திய நாட்டின் பெயர் உண்டு. பொருத்திய நிறுவனத்தின் பெயரோ, பொருத்திய கைகளைப் பற்றிய குறிப்போ அவ்விரு வரிகளிலும் இல்லை.

அந்தக் கைகள் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளின் கைகள். வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பகுதிகளுக்கு வேலைக்குச் செல்லும் இளம்பெண்கள் பொருத்திய கைபேசி கடல் கடந்து வருகிறது. அதை இங்கே திர்ஹாம் கொடுத்து வாங்கி, மீண்டும் அதே மாவட்டங்களுக்கே நாம் சுமந்து செல்கிறோம். இந்த நீண்ட பயணத்தில் யார் யாருக்குப் பொறுப்பு என்பதைக் குறித்தே இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

ஒரு நிறுவனம் தன் பொருளைத் தானே செய்யாமல், வேறொரு நிறுவனத்திடம் கொடுத்துச் செய்வித்துத் தன் பெயரில் விற்பதை ஒப்பந்த உற்பத்தி என்கிறோம். திருப்பூரிலிருந்து வந்துள்ள நம் மக்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டு நிறுவனம் அளவும் நிறமும் குறித்து அனுப்பும். திருப்பூரில் தைத்து, அந்த நிறுவனத்தின் முத்திரையைக் கழுத்துப்பட்டியில் வைத்துக் கப்பலேற்றுவார்கள். தைத்தவர் பெயர் பனியனில் இராது. மின்னணுப் பொருள்களிலும் முறை இதுவே. 1974ஆம் ஆண்டில் தைவான் நாட்டில் டெரி கோவ் என்பவர் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கான பிளாஸ்டிக் குமிழ்கள் செய்யும் சிறு தொழிலைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, ஃபாக்ஸ்கான் என்ற பெயரில் இன்று உலகின் மிகப்பெரிய மின்னணு ஒப்பந்த உற்பத்தி நிறுவனமாக நிற்கிறது. பெகட்ரான், ஃபிளெக்ஸ், ஜேபில் முதலியவையும் இத்தொழிலைச் செய்பவையே. நம் நாட்டின் டாடா எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் 2023இல் கர்நாடகத்தின் நரசாபுராவிலிருந்த விஸ்ட்ரான் ஆலையை வாங்கி இவ்வரிசையில் சேர்ந்துள்ளது.

இத்தொழிலில் பெயர் வைத்திருப்பவருக்கும் பொருள் செய்பவருக்கும் கிடைப்பது சமமன்று. 2010ஆம் ஆண்டின் ஐபோனைப் பகுத்து ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள், அதன் விற்பனை விலையில் ஆப்பிளுக்குச் சேரும் இலாபம் 58.5 விழுக்காடு என்றும், சீனத் தொழிலாளரின் கூலி 1.8 விழுக்காடு என்றும் கணக்கிட்டனர். பொருத்தித் தரும் நிறுவனம் மெல்லிய இலாபத்தில் இயங்குகிறது. புதிய மாதிரி வெளியாகும் காலத்தில் வேலை பெருகும், பின்னர் தணியும். ஆகவே அது நிலையான ஆட்களைக் குறைத்து, முகமைகள் வழியாகத் தற்காலிக ஆட்களைச் சேர்க்கிறது. அவர்களைத் தங்கவைக்க ஒரு விடுதிக்காரர், உணவு சமைக்க வேறொருவர், ஏற்றி இறக்க ஒரு பேருந்துக்காரர். ஒவ்வொரு படியிலும் வேலை கீழே கைமாறுகிறது. அதனோடு பொறுப்பும் கைமாறுகிறது.

இத்தொழில் தமிழ்நாட்டுக்குத் தந்த நன்மையை மறுப்பது நன்றியற்ற செயலாகும். நோக்கியா நிறுவனம் 2006இல் திருப்பெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியபோது, அதுவரை வயல் வேலையன்றி வேறறியாத குடும்பங்களின் பெண்பிள்ளைகள் சீருடை அணிந்து நிறுவனப் பேருந்தில் ஏறினர். தம் பெயரில் வங்கிக் கணக்கும் தம் கையில் ஊதியமும் அவர்களுக்குக் கிடைத்தன. நோக்கியா தன் ஆலையைத் தானே நடத்தியது. ஆனால் அதற்கு உதிரிப் பாகங்கள் தர ஃபாக்ஸ்கான் போன்றவை அதன் அருகிலேயே வந்து அமர்ந்தன. உயர்ந்த காலத்தில் ஏறத்தாழ 8,000 பேர் அங்கு வேலை செய்தனர். பின்னர் வரி வழக்கு எழுந்தது. நோக்கியாவின் கைபேசித் தொழிலை 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, அவ்வழக்கின் காரணமாக இந்த ஆலை அதில் சேர்க்கப்படவில்லை. அதன்பின் வாங்குவோர் இன்றி, 2014 நவம்பர் 1ஆம் நாள் ஆலை நின்றது. அதை நம்பியிருந்த ஃபாக்ஸ்கான் பிரிவும் சில வாரங்களில் மூடப்பட்டது. இருபது வயதில் சேர்ந்து எட்டாண்டு உழைத்த பெண், இருபத்தெட்டு வயதில் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள். மைக்ரோசாஃப்டின் கணக்கிலும் அவள் இல்லை. நோக்கியாவின் எதிர்காலத்திலும் அவள் இல்லை.

வேலைகள் மீண்டும் வந்தன. 2019இல் ஃபாக்ஸ்கான் திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் ஐபோன்களைப் பொருத்தத் தொடங்கியது. மூடிக் கிடந்த நோக்கியா ஆலையைக் கைபேசி மின்னூட்டிகள் செய்யும் சால்காம்ப் நிறுவனம் வாங்குவதாக அதே ஆண்டில் அறிவிப்பு வந்தது. இன்று மறைமலைநகர் பக்கமும், ஓசூர் பக்கமும் பல்லாயிரம் பெண்கள் இவ்வேலையில் இருக்கின்றனர்.

சென்ற ஆண்டு, விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த நம் பங்கைச் சார்ந்த தந்தை ஒருவர் ரோலா பூங்கா அருகே என்னைச் சந்தித்தார். அங்கே நின்று 1978இல் சாய்ந்துபோன பெரிய ஆலமரத்தின் பெயரால்தான் அவ்விடம் ரோலா எனப்படுகிறது என்பதைப் பலர் அறிவீர்கள். மரம் போனபின்னும், விடுமுறை நாளில் வேலைச் செய்திகளைப் பேசிக்கொள்ள நம் மக்கள் கூடும் இடம் அதுவே. அவர் கேட்டார்: “சாமி, பாப்பா டிப்ளமோ முடிச்சிருக்கு. போன் கம்பெனியில வேலை இருக்குன்னு ஏஜென்ட் சொல்றான். தங்க இடம், சாப்பாடு, பஸ் எல்லாம் குடுப்பாங்களாம். அனுப்பலாமா?”

நான் உடனே பதில் கூறவில்லை. அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டேன். குளிர்சாதனப் பராமரிப்பு வேலை; பத்தொன்பது ஆண்டுகள். அவர் அணிந்திருந்த சட்டையில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. விசா வேறொரு சப்ளை கம்பெனியின் பெயரில். சஜாவில் அவர் தங்கும் கேம்ப் மூன்றாவது ஒருவருடையது. “அப்படியானால் உங்களுக்கு முதலாளி யார், தம்பி?” என்றேன். அவர் சற்றுச் சிந்தித்துவிட்டுச் சொன்னார்: “வேலைன்னு வந்தா எல்லாரும் முதலாளிதான் சாமி. ஏதாவது கேட்கணும்னு போனா, ஒருத்தர் இன்னொருத்தரைக் கைகாட்டுவாங்க.”

ஒப்பந்த உற்பத்தியைப் பற்றி நான் வாசித்த கட்டுரைகள் பலவற்றைவிட அந்த ஒரு வாக்கியம் தெளிவாயிருந்தது. தந்தை ஷார்ஜாவில் எந்தச் சங்கிலியில் இருக்கிறாரோ, அதே போன்ற சங்கிலியில்தான் மகளும் சேரவிருந்தாள். நாடு வேறு, பொருள் வேறு. கைகாட்டும் முறை ஒன்றே.

அம்முறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் காட்டியது. ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில், உணவு நஞ்சாகி 250க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியருள் சிலர் இறந்துவிட்டனர் என்ற வதந்தி விடுதிகள்தோறும் பரவியது. அது உண்மையன்று. ஆனால் “உங்கள் தோழி நலமாயிருக்கிறாள்” என்று அவர்கள் நம்பும்படி சொல்லக்கூடிய ஒருவர் அன்றிரவு அவர்களுக்கு இல்லை. பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து அமர்ந்தனர். ஏறத்தாழ 17,000 பேர் வேலை செய்த ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12 அன்றே மீண்டும் திறந்தது. விடுதிகளும் உணவுக் கூடங்களும் தன் தரத்திற்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பின்கீழ் வைத்தது. ஃபாக்ஸ்கான் தன் உள்ளூர் நிர்வாகத்தை மாற்றியமைப்பதாகக் கூறியது.

அவர்கள் ஏன் ஆலை வாயிலை விட்டு நெடுஞ்சாலைக்குப் போனார்கள்? மூன்று ஆண்டுகளுக்குப்பின் அதே சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அதற்கு ஒரு விடை கிடைத்ததாக எனக்குத் தோன்றியது. 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை அவர்கள் ஆலைக்கு அருகிலேயே பந்தலிட்டு அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்யும் குளிர்பதனப் பெட்டியின்மேல் இருந்த பெயரும், ஆலை வாயிலில் இருந்த பெயரும், ஊதியச் சீட்டில் இருந்த பெயரும் ஒன்றே. யாரிடம் கேட்பது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். 2025 ஜனவரியில் அவர்களுடைய சங்கம் பதிவும் பெற்றது. ஐபோன் பொருத்திய பெண்களுக்கோ விடுதிக்காரர் ஒருவர், முகமை ஒன்று, ஆலை ஒன்று, அதற்கும் மேலே கடலுக்கு அப்பால் ஒரு பெயர். எந்த வாயிலில் போய் அமர்வது? எல்லாரும் பார்க்கும் சாலையில்தான் அமர முடியும்.

நான் குருமடத்தில் மாணவனாயிருந்த நாள்களில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ‘லபோரெம் எக்சேர்சென்ஸ்’ என்னும் சுற்றுமடலை 1981 செப்டம்பர் 14 அன்று வெளியிட்டார். போர்க்காலத்தில் கல்லுடைக்கும் குவாரியிலும் இரசாயன ஆலையிலும் தாமே கூலி வேலை செய்தவர் அவர். அதில் அவர் இரண்டு வகை முதலாளிகளைப் பற்றிப் பேசுகிறார். தொழிலாளியோடு நேரே ஒப்பந்தம் செய்பவர் நேர்முக முதலாளி. அந்த ஒப்பந்தம் எப்படி அமைய முடியும் என்பதைத் தீர்மானிக்கும் நாடுகள், நிறுவனங்கள், சட்டங்கள், வணிக உடன்பாடுகள் ஆகிய அனைத்தும் சேர்ந்தது மறைமுக முதலாளி. மறைமுக முதலாளியின் பொறுப்பு வேறுவகையானது. ஆயினும் அது மெய்யான பொறுப்பே என்பது அவர் போதனை. கைபேசி என்ற சொல்லே அன்று நம்மிடம் இல்லை. ஆயினும் இன்றைய ஒப்பந்த உற்பத்தியை விளங்கிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான ஒரு கருத்தை நான் அறியேன்.

நாட்டின் சட்டமும் இதை ஓரளவு ஏற்றிருக்கிறது. இந்தியாவின் 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்படி, ஒப்பந்ததாரர் ஊதியம் தரத் தவறினால், யாருக்காக வேலை நடந்ததோ அந்த முதன்மை வேலையளிப்பவரே அதைத் தந்தாக வேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இக்கருத்து தொடர்கிறது. ஆனால் சட்டத்தின் கை ஆலை வாயிலோடு நின்றுவிடுகிறது. கடலுக்கு அப்பாலுள்ள பெயரை அது தொடுவதில்லை.

ஆள் சேர்ப்பதிலும் இதே நிலைதான். திருமணமான பெண்கள் ஐபோன் பொருத்தும் வேலைக்கு எடுக்கப்படாமல் ஒதுக்கப்பட்டனர் என்று 2024 ஜூன் மாதத்தில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. 2022இல் ஆள்சேர்ப்பில் சில குறைகள் நிகழ்ந்ததாக ஒப்புக்கொண்ட ஃபாக்ஸ்கான், பாகுபாடு காட்டுவதாகக் கூறப்பட்டதை மறுத்தது. நடுவண் அரசு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. வாசலில் நின்று ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி உண்டா என்று பார்ப்பவர் முகமையின் ஊழியராயிருக்கலாம். ஆனால் அவர் யாருக்காகப் பார்க்கிறார் என்ற கேள்வியை முகமையோடு முடித்துவிட முடியாது.

பொறுப்பை மேலே இருப்பவர் ஏற்கும்போது நிலைமை மாறும் என்பதற்கும் சான்று உண்டு. 2024 ஆகஸ்ட் 17 அன்று, திருப்பெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில், பெண் தொழிலாளர் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. 706.50 கோடி ரூபாய்ச் செலவில் தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் கட்டியது. முதலமைச்சரோடு ஃபாக்ஸ்கானின் தலைவரும் அவ்விழாவிற்கு வந்திருந்தார். நெடுஞ்சாலையில் அமர்ந்த பெண்களின் குரலுக்கும் இந்தச் சுவர்களுக்கும் தொடர்பில்லை என்று என்னால் எண்ண இயலவில்லை.

அந்தத் தந்தைக்கு நான் கூறியது இதுவே: “அனுப்புங்கள். ஆனால் அனுப்புமுன் கேளுங்கள்.” நியமனக் கடிதத்தில் இருப்பது ஆலையின் பெயரா, முகமையின் பெயரா? எத்தனை மாதத்திற்கு? வருங்கால வைப்பு நிதி எண்ணும் இ.எஸ்.ஐ. அட்டையும் எப்போது கைக்கு வரும்? விடுதியை நடத்துபவர் யார். ஓர் அறைக்கு எத்தனை பேர். சமையல் எங்கே நடக்கிறது? இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் பிள்ளை யாரை அழைக்க வேண்டும்? வேலை நின்றுபோனால் கையில் என்ன மிஞ்சும்? இவற்றுக்கு விடை சொல்ல ஒருவர் இருந்தால், அங்கே முதலாளி ஒருவர் இருக்கிறார். எல்லாரும் கைகாட்டினால், இன்னும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

மகள் வேலையில் சேர்ந்தாள். அதற்குமுன் தாய் நேரில் சென்று விடுதியைப் பார்த்து, சமையலறைக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாராம். முதல் ஊதியத்தில் தந்தைக்குச் சட்டை எடுத்து வைத்திருக்கிறாள். வருங்கால வைப்பு நிதி வரவான குறுஞ்செய்தியை அவர் எனக்குக் காட்டினார். மகள் அனுப்பிய பணத்தைவிட அக்குறுஞ்செய்தி அவருக்கு நிறைவு தந்தது.

இனி நம்மைப் பற்றி. நம் பங்கில் கேம்ப் பொறுப்பாளர்கள் இருக்கிறீர்கள், மேற்பார்வையாளர்கள் இருக்கிறீர்கள், ஆள் சேர்க்கும் அலுவலகங்களில் பணிபுரிவோர் இருக்கிறீர்கள், சிறிய சப்ளை கம்பெனி நடத்துவோரும் சிலர் இருக்கிறீர்கள். உங்களை நான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. உங்களுக்கு மேலேயும் அழுத்துபவர் உண்டு என்பதை அறிவேன். பில் வந்தால்தான் சம்பளம் என்று உங்களிடம் சொல்பவர்கள் உண்டு. ஆயினும் சங்கிலியில் நம் கண்ணி எதுவோ, அதில் கைகாட்டல் நின்றுபோக வேண்டும். “அது என் வேலையன்று” என்று நாம் கூறும் ஒவ்வொரு முறையும், ஒரு தொழிலாளி இன்னொரு வாசலுக்கு நடக்க வேண்டியதாகிறது. இந்நாட்டில் 2009இல் வந்த ஊதியப் பாதுகாப்பு முறை எத்தனை குடும்பங்களைக் காத்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஊதியம் வங்கி வழியே வந்ததா இல்லையா என்பதை அமைச்சகம் பார்க்கத் தொடங்கியதும், மறைப்பது கடினமாயிற்று. பார்க்கிற கண் ஒன்று இருந்தால் சங்கிலி நேராகிறது. சில இடங்களில் அந்தக் கண் அரசு. சில இடங்களில் அது நீங்களாகவே இருக்க முடியும்.

கைபேசி வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாம் வாங்காவிடில் அந்தப் பிள்ளைகளுக்கு வேலை இல்லை. வாங்குகிறவர் என்ற முறையில் நாமும் அந்தச் சங்கிலியின் ஒரு முனையில் இருக்கிறோம் என்பதை மறவாதிருந்தால் போதும். வேலையை ஒப்பந்தத்திற்கு விடலாம். பொறுப்பை அவ்வாறு விட முடியாது.

அடுத்த அன்பியக் கூட்டத்திற்கு ஒரு வேண்டுகோள். திருப்பெரும்புதூரிலோ, ஓசூரிலோ, வேறெங்கோ இத்தகைய ஆலைகளில் வேலை செய்யும் மகளோ மகனோ, உடன்பிறந்தாரோ உடையவர்கள் அவர்களைத் தொலைபேசியில் அழைத்து, மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டு வாருங்கள். விடை கிடைக்காதவற்றை ஒன்றாக அமர்ந்து பார்ப்போம். தொழிலாளர் சட்டம் அறிந்த இருவர் நம் பங்கில் இருக்கின்றனர், உதவ முன்வந்துள்ளனர். அன்றைய மன்றாட்டில் அப்பிள்ளைகளைப் பெயர் சொல்லி நினைவுகூர்வோம். பெட்டியில் அவர்கள் பெயர் இல்லாவிடினும், நம் செபத்தில் இருக்கட்டும்.

நாசரேத்தூரில் தச்சராய் உழைத்த புனித யோசேப்பு, அங்கும் இங்கும் உழைக்கும் நம் பிள்ளைகள் அனைவருக்காகவும் பரிந்துபேசுவாராக. இறைவன் உங்கள் குடும்பங்களுக்கு நலமும் அமைதியும் அருள்வாராக.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை